படிக்கட்டு கட்டிய பேராசிரியர்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி.

டிசம்பர் 31-ந் தேதி இரவில் அங்கே படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே பக்தர்கள் ஏறுவார்கள். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கீழே நின்று பார்த்தாலே சொல்லிவிடலாம்.

சதுரங்கம் ஆடுவோருக்கும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அது கல்லில் கட்டியது அல்ல, கணக்கில் கட்டியது. 2024-ம் ஆண்டில் உலக சாம்பியன் பட்டம் வென்ற சென்னை வாலிபர் குகேசுக்கும் அதில் ஒரு படி உண்டு. இப்போதுதான் போட்டிகளில் ஆடத் தொடங்கிய பள்ளிப் பிள்ளைக்கும் ஒரு படி உண்டு.

ஆனால், ஒரு வித்தியாசம். மலைப் படியில் ஏறினால் ஏறியதுதான். சதுரங்கப் படியில் ஓர் ஆட்டம் தோற்றால் கீழே இறங்கவேண்டும்!

இந்தப் படிக்கட்டைக் கட்டியவர் யார்? அவர் உலக சாம்பியன் அல்ல. பெரும் செல்வரும் அல்ல. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியர். பெயர், ஆர்பாத் எலோ.

கடல் கடந்த சிறுவன்

1903-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி எலோ பிறந்தார். ஊர், ஹங்கேரியில் ஒரு சின்னக் கிராமம். நம் நாக்குக்கு எளிதில் வராத பெயர் கொண்ட ஊர் அது. அப்போது ஹங்கேரி தனி நாடாக இல்லை. ஆஸ்திரியாவோடு சேர்ந்து ஒரே சாம்ராஜ்யமாக இருந்தது.

ஹங்கேரிய மொழியில் எலோ என்றால் உயிரோடு இருப்பது என்று பொருள். பிற்காலத்தில் அந்தப் பெயருக்கு ஒரு விசித்திரம் நேர்ந்தது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

1913-ல் பெற்றோர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். சிறுவனும் கூடப் போனான். அவனுக்கு அப்போது வயது பத்து. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் முதல் உலகப்போர் மூண்டது.

புதிய நாடு, புதிய மொழி. சிறுவன் தளரவில்லை. படித்தான். சிகாகோ சர்வகலாசாலையில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றான். பிறகு மில்வாக்கி நகரத்தில் உள்ள மார்க்கெட் சர்வகலாசாலையில் பௌதிக ஆசிரியர் ஆனார் எலோ. வாழ்நாளெல்லாம் அவருக்கு அதுதான் தொழில்.

சதுரங்கம் அவருடைய ஆசை. வெறும் பொழுதுபோக்காக அவர் ஆடவில்லை. மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் எட்டு முறை சாம்பியன் பட்டம் வென்றார். 1935-க்கும் 1961-க்கும் இடையே நடந்த வெற்றிகள் அவை.

1957-ல் மில்வாக்கியில் நடந்த ஒரு போட்டியில் அவர் எதிரே ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். பையனுக்கு வயது 14. பேராசிரியருக்கு 53. பையன் ஜெயித்துவிட்டான்! அவன் பெயர் பாபி பிஷர்.

அந்தப் பையனுக்கு எந்தப் படியில் இடம் கொடுப்பது என்று கணக்குப் போடும் வேலையும் பின்னால் அதே பேராசிரியரிடம்தான் வந்தது.

யார் பெரியவர்?

ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் இருக்கிறது. பளு தூக்குவதில் எடைக்கல் இருக்கிறது. சதுரங்கத்தில் என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுகிறார்கள். ஒருவர் ஜெயிக்கிறார். அவ்வளவுதான் தெரியும். திருத்தணியில் ஒருவர் ஊரையே ஜெயிக்கிறார். மதுரையில் இன்னொருவர் ஊரையே ஜெயிக்கிறார். இருவரும் ஒருநாளும் சந்திக்கவில்லை. இவர்களில் யார் கெட்டிக்காரர்?

பழைய நாளில் இதற்குப் பதில், பேர்தான். பேரும் புகழும் உள்ளவர் பெரியவர். பெரிய போட்டிகளுக்கு அவரைத்தான் அழைப்பார்கள். பேர் இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாசலில்தான் நிற்கவேண்டும். பேர் வரவேண்டுமானால் பெரிய போட்டியில் ஆடவேண்டும். பெரிய போட்டியில் ஆடவேண்டுமானால் பேர் வேண்டும்!

உலக சதுரங்க சம்மேளனம் 1950-ல் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. 27 பேருக்குக் கிடைத்தது. அவர்களைத் தேர்ந்து எடுத்ததும் ஆட்கள் கூடிப் பேசித்தான். அந்த 27 பேரும் மகா கெட்டிக்காரர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர்? அதில் ஒருவர் நம் நாட்டவர். அவர் கதையும் பின்னால் வருகிறது.

அதே 1950-ல் அமெரிக்காவில் கென்னத் ஹார்க்னெஸ் என்பவர் ஒரு கணக்கு முறை கொண்டுவந்தார். ஒருவர் போட்டியில் யார் யாரோடு ஆடினாரோ அவர்களுடைய புள்ளிகளின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள். பாதிக்குப் பாதி ஜெயித்தால் அந்தச் சராசரிதான் அவருடைய ஆட்டத்தின் மதிப்பு. அதற்குமேல் நூற்றுக்கு ஒன்று கூடினால் 10 புள்ளி சேரும். ஒன்று குறைந்தால் 10 புள்ளி கழியும்.

நல்ல முயற்சிதான். சாதாரண ஆட்டங்களுக்கு அது பொருந்தியது. வல்லவரும் மெலிந்தவரும் மோதும்போது கணக்கு நியாயத்துக்கு மாறாகப் போயிற்று. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

1959-ல் அமெரிக்க சதுரங்கச் சம்மேளனம் ஒரு குழு போட்டது. இதைச் சரிசெய்யக் குழுவின் தலைவராக எலோவைப் பிடித்தது. ஆட்டமும் தெரியும், அளவுக் கணக்கும் தெரியும்; வேறு யாரைப் பிடிப்பது?

1960-ல் எலோவின் முறை அமெரிக்காவில் அமலுக்கு வந்தது. அந்த ஆண்டு திருத்தணிக்காரர்களுக்கும் மறக்காத ஆண்டு. ம. பொ. சிவஞானம் முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, ஆந்திராவில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது.

பேராசிரியரின் யோசனை

எலோவின் யோசனை எளிமையானது.

எந்த மனிதனும் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. மலை ஏறுகிறவர் ஒருநாள் விறுவிறு என்று ஏறுவார். இன்னொரு நாள் நூறு படிக்கே மூச்சு வாங்கும். ஆனால் பல நாள் பார்த்தால் அவருடைய நடுத்தரமான வேகம் இன்னது என்று தெரிந்துவிடும். மிக நல்ல நாளும் மிக மோசமான நாளும் கொஞ்சமாக இருக்கும். நடுத்தரமான நாட்களே அதிகமாக இருக்கும். சதுரங்கமும் அப்படித்தான் என்று எலோ கருதினார்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதற்கு ரேட்டிங் என்று பெயர். தரப்புள்ளி என்றும் சொல்லலாம்.

இரண்டு பேர் மோதும்போது இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கவேண்டும். வித்தியாசம் இல்லையானால் ஆளுக்குப் பாதி. அதாவது நூறு ஆட்டம் ஆடினால் ஆளுக்கு 50. வித்தியாசம் 100 புள்ளி என்றால், பெரியவர் நூற்றுக்கு 64 எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். 200 புள்ளி என்றால் 76. 300 என்றால் 85. 400 என்றால் 92.

வெற்றிக்கு 1. சமநிலைக்கு அரை. தோல்விக்குப் பூஜ்யம்.

இனி, கணக்கின் உயிர்நாடி வருகிறது. ஒருவர் என்ன எடுத்தார் என்பது மட்டும் முக்கியம் அல்ல. எவ்வளவு எடுப்பார் என்று எதிர்பார்த்தோமோ, அதைவிடக் கூட எடுத்தாரா, குறைய எடுத்தாரா என்பதே முக்கியம். கூட எடுத்தால் ஏறுவார். குறைய எடுத்தால் இறங்குவார்.

அண்ணனும் தங்கையும்

ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணனுக்கு ரேட்டிங் 1,800. தங்கைக்கு 1,600. இருவரும் ஒரு போட்டியில் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வித்தியாசம் 200. ஆகவே அண்ணனிடம் எதிர்பார்ப்பது 0.76. தங்கையிடம் எதிர்பார்ப்பது 0.24.

அண்ணன் ஜெயித்தால் அவர் எடுப்பது 1. எதிர்பார்த்தது 0.76. கூடுதல் 0.24. இதை 20-ஆல் பெருக்கவேண்டும். 4.8 வரும். அண்ணனுக்கு 4.8 புள்ளி ஏறும். தங்கைக்கு 4.8 புள்ளி இறங்கும். பெரியவர் சின்னவரை ஜெயிப்பதில் என்ன அதிசயம்? அதனால் பரிசும் சின்னது.

தங்கை ஜெயித்துவிட்டால்? அவள் எடுத்தது 1. எதிர்பார்த்தது 0.24. கூடுதல் 0.76. இருபதால் பெருக்கினால் 15.2. தங்கைக்கு 15.2 புள்ளி ஏறும். அண்ணனுக்கு 15.2 இறங்கும்!

சமநிலையில் முடிந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று நினைக்கலாம். அதுதான் இல்லை. தங்கை எடுத்தது 0.5, எதிர்பார்த்ததோ 0.24 மட்டும். ஆகவே தங்கைக்கு 5.2 ஏறும். அண்ணனுக்கு 5.2 குறையும்.

போட்டியில் பல ஆட்டம் ஆடினாலும் இதே கணக்குத்தான். ஐந்து ஆட்டத்தில் 2.6 எதிர்பார்த்து, ஒருவர் 3.5 எடுத்தால் கூடுதல் 0.9. இருபதால் பெருக்கினால் 18 புள்ளி லாபம்.

இருபது என்ற எண் எல்லாருக்கும் பொதுவானது அல்ல. உலக சம்மேளனத்தின் விதிப்படி புதிதாக வந்தவர்களுக்கு முதல் 30 ஆட்டங்கள் வரை அது 40. 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு, 2,300 புள்ளியைத் தொடும் வரை 40. ஒரு தடவை 2,400-ஐ எட்டிவிட்டவர்களுக்கு 10-தான். மற்றவர்களுக்கு 20. வளரும் பிள்ளையின் திறமை மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் எண்ணும் வேகமாக மாறவேண்டும். பழுத்த ஆட்டக்காரரின் எண் மெல்லத்தான் நகரவேண்டும். தங்கை பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தால், அண்ணனை ஜெயித்ததற்கு அவளுக்கு 15.2 அல்ல, 30.4 கிடைக்கும்.

புதிதாக வருகிறவருக்கு முதல் எண் எப்படிக் கிடைக்கும்? ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடவேண்டும். அவர்களுடைய எண்களையும், புதியவர் எடுத்த வெற்றிகளையும் வைத்து முதல் எண் பிறக்கும். பிறகு ஏற்றமும் இறக்கமும்தான்.

இந்தக் கணக்குக்கு ஆளின் பெயர் தேவை இல்லை. சாதி, மதம், பணம், படிப்பு எதுவும் தேவை இல்லை. ஆணா, பெண்ணா என்றுகூடக் கேட்காது. ஒரு கொடுமையும் உண்டு. காய்ச்சலோடு ஆடினேன், ரயில் தாமதமாகி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தேன் என்றாலும் கேட்காது.

கிரீடம் வந்தது, புள்ளி போனது!

1970-ல் உலக சதுரங்க சம்மேளனம் எலோவின் முறையை ஏற்றுக்கொண்டது. உலகத்துக்கே ஒரே படிக்கட்டு!

இரண்டு ஆண்டு கழித்து ஐஸ்லாந்து தீவின் தலைநகரில் ஒரு பெரும் போட்டி நடந்தது. ஒரு பக்கம் ரஷியாவின் உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி. மறு பக்கம் அமெரிக்காவின் பாபி பிஷர். ஆம், 1957-ல் பேராசிரியரைத் தோற்கடித்த அதே பையன்தான்!

பட்டியலில் பிஷரின் எண் 2,785. ஸ்பாஸ்கியின் எண் 2,660. உலக சாம்பியனைவிடச் சவால் விட்டவர் 125 படி மேலே நின்றார்! பேரை நம்புகிறவர்கள் திகைத்தார்கள். எண்ணைப் பார்த்தவர்கள் வியக்கவில்லை.

பிஷர் வென்றார். உலக சாம்பியன் ஆனார். அவர் வராமலே விட்ட ஓர் ஆட்டத்தைத் தள்ளிவிட்டால், 20 ஆட்டத்தில் அவர் எடுத்தது பன்னிரண்டரை.

ஆனால் எலோவின் கணக்கு என்ன சொல்லியது? 125 புள்ளி வித்தியாசத்துக்கு 20 ஆட்டத்தில் 13-க்குச் சற்று மேலே எடுத்திருக்கவேண்டும். எடுத்தது குறைவு. அடுத்த பட்டியலில் பிஷரின் எண் 2,780. உலகத்தின் தலைசிறந்த கிரீடத்தைச் சூடிய மனிதருக்கு 5 புள்ளி நஷ்டம்!

இந்த ஒரு கதையைப் புரிந்துகொண்டால் ரேட்டிங் முழுவதும் புரிந்த மாதிரி.

வேலைக்காரர் ஒருவருக்கு எண்

எலோ அதோடு நிற்கவில்லை. இறந்துபோன வீரர்களையும் அளக்க ஆசைப்பட்டார். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்டங்களின் முடிவுகளைத் தேடி எடுத்தார். இவர் அவரோடு ஆடினார், அவர் இன்னொருவரோடு ஆடினார் என்று சங்கிலிபோல் கோத்தார். ஒவ்வொருவரும் சிறந்து விளங்கிய ஐந்து ஆண்டுகளை எடுத்து எண் கொடுத்தார். 1978-ல் இதைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார்.

அந்தப் பட்டியலில் உலக சாம்பியன் காபபிளாங்காவுக்கு 2,725. லாஸ்கருக்கு 2,720. அதே பட்டியலில், 2,530 என்ற எண்ணுக்கு எதிரே ஒரு பெயர் இருக்கிறது. அது மீர் சுல்தான் கான்.

சுல்தான் கான் யார்? பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில், பஞ்சாப் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சர் உமர் ஹயாத் கான் என்ற பெரும் நிலப்பிரபுவின் அரண்மனையை அண்டி வாழ்ந்தவர். அவர் கற்றது நம் நாட்டு முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் தடவையிலும் ஒரு கட்டம்தான் நகரும். ஐரோப்பிய விதிகளைப் பிறகுதான் அவர் கற்றுக்கொண்டார்.

1929-ல் எஜமானர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அந்த ஆண்டே சுல்தான் கான் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்! 1932-லும் 1933-லும் மறுபடி சாம்பியன். நடுவில் 1930-ம் ஆண்டு முடிந்து 1931 பிறக்கும் தறுவாயில், ஹேஸ்டிங்ஸ் நகரத்தில் காபபிளாங்காவையே வீழ்த்தினார்.

1933-ல் எஜமானர் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். பிறகு பெரிய போட்டிகளில் அவரைக் காணவே இல்லை. 1950-ல் 27 பேருக்குப் பட்டம் வழங்கியபோது அவர் உயிரோடுதான் இருந்தார். யாரும் அவரை நினைக்கவில்லை. 1966-ல், பாகிஸ்தானாகிவிட்ட சொந்த மண்ணில் காலமானார்.

அவருக்குப் பட்டம் இல்லை. எலோ அதைப் பார்க்கவில்லை. ஆட்டங்களைப் பார்த்தார். கூட்டினார், பெருக்கினார். 2,530 வந்தது, எழுதிவிட்டார். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு உலக சம்மேளனம் கேட்கும் ரேட்டிங் 2,500. அதைவிட மேலே நின்றிருக்கிறார் அந்தப் பஞ்சாப் மனிதர்!

சம்மேளனம் 2024-ல் சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. அவர் இறந்து 58 ஆண்டு ஆகியிருந்தது. எலோவின் புத்தகத்துக்கும் 46 வயது ஆகியிருந்தது.

ஒரே ஆள், ஒரு பென்சில்

இன்று இந்த வேலையைக் கம்ப்யூட்டர்கள் செய்கின்றன. அன்று யார் செய்தார்கள்?

எலோவே செய்தார்! உலக சம்மேளனத்துக்காக அவர் வீட்டில் உட்கார்ந்து, பென்சிலும் காகிதமும், கையில் அடங்கும் ஒரு கணக்குப் பொறியும் வைத்துக்கொண்டு போட்டார். 1980-களின் நடுப்பகுதி வரை இப்படித்தான் நடந்தது. அப்போது உலகப் பட்டியலில் இருந்தவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. நாட்டுக்கு நாடு வந்து குவியும் போட்டி முடிவுகளை, வயது எண்பதைத் தொட்ட பேராசிரியர் ஒருவர் பொறுமையாகக் கூட்டிக்கொண்டு இருந்தார்.

முதலில் வருடத்துக்கு ஒரு பட்டியல். 1981 முதல் ஆறு மாதத்துக்கு ஒன்று. 2012 ஜூலை முதல் மாதத்துக்கு ஒன்று. பட்டியலில் உள்ளவர்களும் லட்சக்கணக்கில் பெருகிவிட்டார்கள்.

வயதைப் பற்றியும் எலோ ஆராய்ந்தார். ஆட்டக்காரரின் திறமை முப்பதைத் தாண்டிய பருவத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல இறங்குவதைப் பழைய வீரர்களின் முடிவுகளில் இருந்து கண்டார். அவரே 57 வயதைத் தாண்டியும் மாநிலச் சாம்பியன் ஆனவர் என்பது வேறு விஷயம்.

தெப்பத்தில் ஆடும் நெட்டி

எலோவுக்குத் தம் கணக்கின் மீது கர்வம் இல்லை. ஒருவரை அளப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அவர் ஓர் உவமை சொல்வது உண்டு. அலை அடிக்கும் தண்ணீரில் மிதக்கும் ஒரு தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்றது அது என்பார்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சரவணப் பொய்கையில் தெப்பம் வரும்போது நீர் அலம்பும். அதில் ஒரு நெட்டித் துண்டு மிதந்தால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கணம் பார்த்து இதுதான் அதன் உயரம் என்று சொல்ல முடியுமா? பத்துத் தடவை பார்க்கவேண்டும். ஆகவே 1,612 புள்ளிக்காரர் 1,605 புள்ளிக்காரரைவிட மேலானவர் என்று மார் தட்டுவதில் அர்த்தம் இல்லை.

எலோ செய்தது அளவுகோல். பரிசாகக் கொடுக்கவோ, தண்டனையாகப் பறிக்கவோ அவர் அதைச் செய்யவில்லை. இதை அவர் பலமுறை எடுத்துச் சொன்னார். யார் கேட்டார்கள்?

ரேட்டிங் வந்ததும் ரேட்டிங் மேல் ஆசை வந்தது. புள்ளி போய்விடுமே என்று ஆடாமல் இருப்பவர்கள் தோன்றினார்கள். சின்னப் பிள்ளைகளோடு மோத அஞ்சும் பெரியவர்கள் தோன்றினார்கள். தோற்றால் அதிகம் போகும், ஜெயித்தால் அற்பம்தானே வரும்! அப்பாவும் அம்மாவும் போட்டி மண்டப வாசலிலேயே நின்று, எத்தனை புள்ளி ஏறிற்று என்று பிள்ளையைக் கேட்கும் வழக்கமும் வந்தது. ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்பவர் குறைவு.

பேராசிரியருக்கு இதில் வருத்தம்தான். இளம் ஆட்டக்காரர்கள் எண்ணை நினைத்து இவ்வளவு கவலைப்படுகிறார்களே என்று அவர் எண்ணியது உண்டு.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருவருக்கு ஏறுவது பெரும்பாலும் இன்னொருவரிடம் இருந்து வருவதுதான். ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் ஊற்றுகிற மாதிரி. கொரோனா காலத்தில் போட்டிகள் நின்றுவிட்டன. பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே ஆடி ஆடித் தேறிவிட்டார்கள். எண்ணோ பழைய எண்தான்! போட்டிகள் மறுபடி தொடங்கியதும், 1,200 புள்ளிப் பிள்ளை 1,800 புள்ளிப் பெரியவரைச் சாய்த்தது. பெரியவர்களின் குடங்கள் மளமளவென்று காலியாயின.

உலக சம்மேளனம் 2024 மார்ச்சில் ஒரு பரிகாரம் செய்தது. 2,000-க்குக் கீழே உள்ள எல்லாருக்கும், 2,000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு 40 பங்கைச் சேர்த்துக் கொடுத்தது. 1,500-ல் இருந்தவர் ஒரே இரவில் 1,700 ஆனார். 1,000-ல் இருந்தவர் 1,400 ஆனார். 1,400-தான் இனி மிகக் கீழான படி என்றும் விதித்தது.

தமிழ்நாட்டார் ஏறிய படிகள்

இந்தப் படிக்கட்டில் தமிழ்நாட்டார் ஏறியதைச் சொல்லாமல் விட முடியாது.

இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன். 1961-ல் அந்தப் பட்டம் பெற்றார். உலகப் பட்டியல் பிறப்பதற்கு முந்தைய காலம் அது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் அவர் ஹங்கேரியின் போர்ட்டிஷைத் தோற்கடித்தார். எலோ பிறந்த நாட்டின் பெரிய வீரர் அவர்.

சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் சதுரங்கக் கழகத்தில் விளையாடி வளர்ந்த சிறுவன் விசுவநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்கு வந்தது. 2006-ல் 2,800 என்ற படியைத் தொட்டார். 2007-ல் உலகப் பட்டியலின் முதல் இடம்! எலோவின் பென்சில் கணக்கில் 2,800 என்பது பிஷரும் எட்டாத உயரம்.

2023 டிசம்பரில் சென்னைப் பெண் வைஷாலி 2,500-ஐத் தாண்டி கிராண்ட்மாஸ்டர் ஆனார். தம்பி பிரக்ஞானந்தா முன்பே கிராண்ட்மாஸ்டர். உலகத்தில் அக்காள்-தம்பி இருவரும் இந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. 2,500 புள்ளி மட்டும் இருந்தால் போதாது. குறிப்பிட்ட தரமான போட்டிகளில் மூன்று முறை தகுதி காட்டவும் வேண்டும். இரண்டையும் செய்து முடித்தார் வைஷாலி.

பெயர் மறைந்தது

1988-ல் அமெரிக்காவின் சதுரங்கப் புகழ் மண்டபத்தில் எலோவின் பெயரைச் சேர்த்தார்கள். 1992-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, விஸ்கான்சின் மாநிலத்திலேயே, அவர் காலமானார். வயது 89. அதே ஆண்டில்தான் பிஷர் இருபது ஆண்டு மௌனத்தைக் கலைத்து, ஸ்பாஸ்கியோடு மறுபடி பலகையில் உட்கார்ந்தார்.

பேராசிரியரின் கணக்கு சதுரங்கத்தோடு நிற்கவில்லை. உலகக் கால்பந்து சம்மேளனம் ஆண்கள் அணிகளை வரிசைப்படுத்த 2018-ல் இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. செல்போனில் பிள்ளைகள் ஆடும் எத்தனையோ ஆட்டங்களில், எதிராளியைப் பொறுக்கிக் கொடுப்பதற்கு இதே மாதிரிக் கணக்கு உள்ளே ஓடுகிறது.

பெயருக்கு நேர்ந்த விசித்திரம் இதுதான். எலோ, எலோ என்று ஊரெல்லாம் சொல்கிறது. அது ஒரு மனிதரின் பெயர் என்று பலருக்குத் தெரியாது! ஏதோ மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியே பெரிய எழுத்தில் எழுதவும் செய்கிறார்கள்.

ஒவ்வொரு மாதமும் 1-ந் தேதி புதிய பட்டியல் அமலுக்கு வருகிறது. திருத்தணியில் டிசம்பர் 31-ந் தேதி இரவு கடைசிப் படிக்குக் கற்பூரம் ஏற்றும் நேரத்தில், ஜனவரி மாத எண்ணைத் தேடிச் சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சிலருக்கு ஏறியிருக்கும். சிலருக்கு இறங்கியிருக்கும்.